மாத்திரை கொடுத்தாயிற்று

ஜூன் 9

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான், எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறான், என்ன சாப்பிடுகிறான், மூச்சு எப்படி இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எழுதியவன் நான். இது எனக்குச் சிரமமில்லை.

பெயர் துரை. நாட்டு நாய், ஆண். வயது பதினொன்று. எடை இருபத்து நான்கு கிலோ.

இரண்டு நாளாக வாசலை விட்டு எழவில்லை. வெயில் என்று நினைத்தேன். நேற்று ஒன்றுக்குப் போனது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. இங்கே பவானியில் புதிதாகக் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் நூர்ஜஹானிடம் ஆட்டோவில் கொண்டு போனேன். சின்னப் பெண்தான். ஆனால் பொறுமையாகப் பார்த்தார்.

"இவன் உடம்பே இவன் ரத்தத்தை அழிக்குதுங்க. ரத்த அளவு நாப்பதுக்கு மேல இருக்கோணும். பன்னெண்டுதான் இருக்குது."

"எதுனாலங்க இப்படி?"

"பல சமயம் காரணம் தெரியறதில்லைங்க."

பிரெட்னிசலோன் என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. "தாகம் எடுக்கும், பசி எடுக்கும், மூச்சு வாங்கும். பொறுத்துக்கோணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்திராதீங்க. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கோணும்."

வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தேன். சௌந்தரம் அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதானா?" என்றாள். வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 11

மாத்திரை கொடுத்தாயிற்று, இரண்டு வேளையும். தண்ணீர் ஒன்றரை லிட்டர். ஒன்றுக்கு ஆறு தடவை. காலையில் நான் ஆக்கிய குருணைச் சோறும் முட்டையும் முழுவதும் சாப்பிட்டான். துரை குட்டியாக வந்த நாளிலிருந்து அவனுக்கு ஆக்குவது நான்தான். பின்பக்கம் அதற்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி.

ஈறில் லேசாகச் சிவப்பு தெரிகிறது.

ஜூன் 14

மாத்திரை கொடுத்தாயிற்று. தண்ணீர் நான்கு லிட்டர். அளந்துதான் எழுதுகிறேன். குளியலறை வாளியிலும் வாய் வைக்கிறான், அது இந்தக் கணக்கில் இல்லை.

இன்று நடுக்கூடத்தில் ஒன்றுக்குப் போய்விட்டான். பதினொரு வருடத்தில் முதல் தடவை. கதவுக்கு இரண்டடி இருக்கும்போது நின்றுவிட்டான், அதற்குமேல் அடக்க முடியவில்லை. நான் சத்தம் போட்டேன். அந்த ஈரத்திலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் சௌந்தரம் துடைத்து முடித்திருந்தாள்.

"அவனைப் பாத்துக் கத்தாதீங்க" என்றாள்.

ஜூன் 17

இட்லி மாவுச் சட்டியைத் தள்ளி முழுவதையும் குடித்துவிட்டான். வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. நேற்று துணி சோப்பில் பாதி. அதற்கு முன்தினம் தேங்காய்த் தொட்டி. சாப்பிட்ட தட்டை நக்கி நக்கிச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறான். சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் மறுபடி வந்து அடுப்படியைப் பார்த்து நிற்கிறான். வாயிலிருந்து எச்சில் கோடாக இறங்குகிறது.

அடுப்படிக் கதவைத் தலையால் முட்டித் திறக்கிறான் என்பதால் வெளிப்பக்கம் ஒரு கொண்டி அடித்தேன். சௌந்தரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் கொண்டி எங்க இருந்துச்சுங்க?"

"பழைய சாமான் டப்பால."

"தூக்கிப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

நல்ல கொண்டி. துருக்கூடப் பிடிக்கவில்லை. எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?

ஜூன் 18

மாத்திரை கொடுத்தாயிற்று. சௌந்தரம் இன்று பேசவில்லை. வெயில் அதிகம்.

ஜூன் 23

கிளினிக். ரத்த அளவு இருபத்தாறு. டாக்டர் கை தட்டினார். எடை இருபத்தைந்தரை கிலோ, ஆனால் சதை இல்லை, வயிறு மட்டும்தான் என்றார். முதுகெலும்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். சீப்பு மாதிரி இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டுவிட்டேன்.

"இந்தப் பசி நெசமாவே இருக்குதுங்களா டாக்டர்? இல்ல, பழகிப் போய்க் கேக்கறானா?"

"நெசமான பசிங்க. வயிறு நெறஞ்சிருந்தாலும், பட்டினி கெடந்த மாதிரியே இருக்கும். மருந்து பண்ற வேலை. அடிச்சோ மெரட்டியோ அதை நிறுத்த முடியாதுங்க."

"மனுசங்களுக்கும் அப்படித்தானா?"

"அப்படித்தான்" என்றார். "ஏனுங்க, வீட்டுல யாராவது சாப்பிடறாங்களா?"

இல்லை என்றேன்.

சௌந்தரத்திடம் ரத்த அளவு ஏறியதைச் சொன்னேன். சிரித்தாள். மற்றதைச் சொல்லவில்லை. சொல்லும்படி ஒன்றுமில்லை.

ஜூன் 29

மாத்திரை கொடுத்தாயிற்று. தண்ணீர் நான்கரை லிட்டர்.

மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பினால் சௌந்தரம் பின்வாசலில் குந்தி உட்கார்ந்து துரைக்குச் சுரைக்காய்த் துண்டை ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டிருக்கிறாள். வேகவைத்தது. ஒரு குண்டான் நிறைய.

"டாக்டர் சொன்ன அளவுதான் குடுக்கோணும். நீ இப்படி இடையில குடுத்தா நான் எழுதறதுக்கு என்ன அர்த்தம்?"

"சொரக்காதானுங்க. வெறும் தண்ணி. ஒடம்புல ஒட்டாது. வாய்க்கு ஒரு வேலை இருந்தாப் போதும், கொஞ்ச நேரத்துக்கு அந்தத் தவிப்பு இருக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுத்த துண்டை எடுத்தாள்.

எழுத ஆரம்பித்துவிட்டதால் அதையும் எழுதிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் சௌந்தரத்துக்கு வாயெல்லாம் புண், முதுகெல்லாம் கொப்புளம். கோயமுத்தூரில் காட்டினோம். இதே மாத்திரைதான், பத்து மாதம். முகம் உருண்டையாக வீங்கியது. நிறையச் சாப்பிட்டாள், எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. சர்க்கரை ஏறுகிறது, சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள் என்றார்கள். நான் பார்த்துக்கொண்டேன். மகள் பூர்ணிமாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் மயங்கி விழுந்தாள். முகூர்த்தத்தன்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். கல்யாண வேலை, வெயில், அதனால். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறாள்.

இது துரையின் நோட்டு. இதற்குமேல் இங்கே வேண்டாம்.

ஜூலை 5

என் அக்கா பாவாயி சித்தோட்டிலிருந்து வந்திருந்தாள். துரையைப் பார்த்து வாயில் கை வைத்தாள். முடி கொட்டி, கால் குச்சியாகி, வயிறு மட்டும் தொங்குகிறது.

"ஏன் சௌந்தரம், அன்னிக்கு நீ ஊதிப் போயிருந்தியே, அதே மாதிரியல்லோ இருக்குது!" என்று சிரித்தாள்.

சௌந்தரமும் சிரித்தாள். "ஆமாங்க அண்ணி" என்றாள்.

நானும் சிரித்தேன்.

ஜூலை 12

மாத்திரை கொடுத்தாயிற்று. தண்ணீர் ஐந்து லிட்டர். வீட்டுக்குள் நான்கு தடவை. கோணிச் சாக்கு, பழைய வேட்டி, நியூஸ் பேப்பர் எல்லாம் விரித்துப் பார்த்தாகிவிட்டது. விரித்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் போகிறான். எனக்கு முட்டி வலி. குனிந்து துடைத்து நிமிர்வதற்குள் அடுத்தது.

சாப்பிடும்போது தட்டை நகர்த்தக் கை நீட்டினேன். உறுமிக் கடித்துவிட்டான். பல் பட்டு விரலில் ரத்தம். என்னைப் பார்த்து ஒருநாளும் பல்லைக் காட்டியவன் இல்லை. செருப்பை எடுத்து இரண்டு அடி வைத்தேன். அடி வாங்கிக்கொண்டே சாப்பிட்டான். நிறுத்தவேயில்லை.

சௌந்தரம் மஞ்சளும் துணியும் கொண்டுவந்து விரலுக்குக் கட்டினாள்.

"அது அவனில்லீங்க. மாத்திரை. கோவம் வரும். எங்க இருந்து வருதுன்னே தெரியாது. வந்து போன பொறகு வெக்கமா இருக்கும். நான் அன்னிக்கு உங்க மேல சொம்பை எறிஞ்சனே…"

"இப்ப எதுக்கு அது?" என்றேன்.

முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 16

கிளினிக். ரத்த அளவு முப்பத்தெட்டு. இனிக் காலை ஒன்று, மாலை அரை. இப்படியே குறைத்துக்கொண்டு வந்து முழுவதும் நிறுத்த இன்னும் நான்கு மாதமாவது ஆகும் என்றார்.

"நாலு மாசமா!"

"அவசரப்பட்டா திரும்பி வந்துரும்ங்க."

ஜூலை 19

பூர்ணிமா போன் செய்தாள். ஏழாம் மாதம். வளைகாப்பு இருபத்தாறாம் தேதி நம் வீட்டில். சம்பந்தி வீட்டிலிருந்து மட்டும் முப்பது பேர்.

"அப்பா, துரை எப்படியிருக்கான்?"

"நல்லாயிருக்கான்."

"வீட்டுக்குள்ள போயிடறான்னு அம்மா சொன்னாங்க. அத்தை ரொம்ப சுத்தம் பாப்பாங்கப்பா. அன்னிக்கு மட்டும் பின்னாடி கட்டி வெச்சிருங்க. என்ன?"

பினாயில் நான்கு பாட்டில் வாங்கி வந்து வீடு முழுவதும் கழுவிவிட்டேன். கழுவி முடித்துத் திரும்பினால் வாசற்படியில் நின்று ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறான், என்னைப் பார்த்துக்கொண்டே.

ஈறு நன்றாகச் சிவந்திருக்கிறது. வாலாட்டுகிறான். பார்த்தால் சீக்காளி மாதிரியே இல்லை.

ஜூலை 20

மாத்திரை கொடுத்தாயிற்று.

ஜூலை 21

மாத்திரை கொடுத்தாயிற்று. தண்ணீர் மூன்று லிட்டர்.

ஜூலை 23

மாத்திரை கொடுத்தாயிற்று. தண்ணீர் ஒன்றேகால் லிட்டர். வீட்டுக்குள் ஈரமே இல்லை. நல்ல முன்னேற்றம். சௌந்தரத்திடம் காட்டினேன். "அதென்னுங்க, இப்படித் திடீர்னு?" என்றாள். டோஸ் குறைத்ததால் இருக்கும் என்றேன்.

ஜூலை 25

கொடுத்தாயிற்று. தண்ணீர் அரை லிட்டர். சாப்பாட்டில் பாதி வைத்துவிட்டான். பசி அடங்கியிருக்கிறது. பந்தல்காரர்கள் வந்துவிட்டார்கள். துரையைப் பின்பக்கச் சாய்ப்புக் கொட்டகையில் கட்டியிருக்கிறேன். சத்தமில்லாமல் படுத்திருக்கிறான்.

ஜூலை 26

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது.

ஏழு வகைச் சாதம். சம்பந்தியம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். பூர்ணிமா முகத்தில் களை இருந்தது. போட்டோகிராபர் "பொண்ணோட அம்மா வாங்க" என்று கூப்பிட்டபோது சௌந்தரம் அங்கே இல்லை. சாய்ப்புக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து நான்கைந்து தடவை. கூப்பிட்டு அனுப்பினேன், வந்து நின்றாள்.

பந்தி நடக்கும்போது என்னிடம் வந்து காதோடு சொன்னாள். "துரை வாந்தி எடுத்துட்டான். எந்திரிக்க மாட்டேங்கறான். கால் சில்லுன்னு இருக்குது. மாத்திரை குடுத்தீங்கதானே?"

"குடுத்தேன்."

அவள் உள்ளே போனாள். மேஜை டிராயரை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது கையில் அட்டை இருந்தது. சுற்றிலும் ஆட்கள். என் முகத்தைப் பார்த்தாள், அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பட்டுச் சேலையோடு துரையைப் போர்வையில் சுற்றி அவளே தூக்கினாள். சமையல்காரர் ஒருவர் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டார். பின்வழியாகப் போய் ஆட்டோ ஏறிவிட்டாள்.

சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். நான் போக முடியவில்லை. தாம்பூலம் கொடுத்து எல்லோரையும் அனுப்பினேன். பூர்ணிமாவை உள்ளே அழைத்துப்போய்ப் படுக்க வைத்தேன். "அம்மா எங்கப்பா?" என்றாள். துரைக்குக் கொஞ்சம் முடியவில்லை, டிரிப் ஏற்றுகிறார்கள், வந்துவிடுவாள் என்றேன்.

ஜூலை 27

இருபதாம் தேதியிலிருந்து நான் மாத்திரை கொடுக்கவில்லை. விசேஷம் முடிந்ததும் மறுபடி கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம்தானே என்று நினைத்தேன்.

காலையில் கிளினிக்குக்குப் போனேன். துரை மேஜையில் கிடந்தான். முன்னங்காலில் ஊசி குத்தி டிரிப் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். வாலின் நுனி அசைந்தது. சௌந்தரம் பக்கத்தில் ஸ்டூலில் நேற்றைய பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். சேலையெல்லாம் கறை.

டாக்டர் வந்தார். கோபமாக இருந்தார். "எத்தன நாளா மாத்திரை போகல? யாரு குடுக்கறது வீட்டுல?"

நான் வாயைத் திறப்பதற்குள் சௌந்தரம் சொன்னாள். "நாந்தாங்க. விசேஷ வேலைல மறந்துட்டேன்."

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனில்லீங்களா? வெளியில இருந்து நாம குடுக்கக் குடுக்க, உடம்பு தானாச் செய்யறதை நிறுத்திரும். திடீர்னு நிறுத்துனா உள்ள ஒண்ணுமே இருக்காது. அப்படியே சுருண்டு விழுந்துரும். மனுசனா இருந்தாலும் இதேதான். இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா இவன் இல்லை." ரத்தமும் பதினைந்துக்கு இறங்கிவிட்டது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த நாயைப் பார்க்கப் போனார்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"பின்ன என்னன்னு சொல்லட்டும்?" துரையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கும் இப்படித்தான் சொன்னேன்" என்றாள்.

"என்னிக்கு?"

"பூர்ணி கல்யாணத்துக்கு. கோயமுத்தூர் டாக்டர் கேட்டாங்க, மாத்திரைய எதுக்கும்மா நிறுத்துனேன்னு. மறந்துட்டேன்னு சொன்னேன். மறக்கலீங்க. பத்து நாளா ஒண்ணொண்ணா எடுத்துக் கக்கூஸ்ல போட்டுட்டு இருந்தேன்."

"எதுக்கு?"

"மூஞ்சி வத்துமேன்னுதான். ரவிக்கை தெச்சு வந்தப்ப கை ஏறல. அப்ப நீங்க ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

"இல்லை" என்றேன்.

"செரி" என்றாள்.

ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 28

நான் சொன்னது: "இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டா மணமேடை ஏறப் போற?"

ஜூலை 30

துரை வீட்டுக்கு வந்துவிட்டான். பூர்ணிமா நேற்றே புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள், பிரசவத்துக்கு வருவாள். காலை ஒன்று, மாலை ஒன்று. கூடவே ரத்தத்துக்கு இன்னொரு மருந்து. இனி மாத்திரையைச் சௌந்தரம் கொடுக்கிறாள். நான் எடுக்கப் போனேன். "நானே குடுக்கறனுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் நான் தண்ணீரை மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீர் நான்கு லிட்டர்.

அடுப்படிக் கொண்டியைக் கழற்றிவிட்டேன். அவள் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 4

பின்னங்காலில் நிற்க முடியவில்லை. தொடையில் சதையே இல்லை, தோலுக்கடியில் எலும்பு நடக்கிறது. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி வாசல்வரை நடத்திப் போகிறேன். அவன் முன்னங்காலால் நடக்கிறான், நான் பின்னங்காலாக நடக்கிறேன். போவதற்குள் பாதி வழியில் என் கால்மேல் போய்விடுகிறான். இப்போதெல்லாம் நான் கத்துவதில்லை. அவன் தலையைத் தொங்கப் போடுவது மட்டும் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 9

ரத்தம் பதினெட்டு. முதல் தடவை ஏறியது போல ஏறவில்லை. "ரெண்டாவது தடவை சில சமயம் மருந்து கேக்காதுங்க" என்றார் டாக்டர்.

"நிறுத்தினதாலயா?"

அவர் சௌந்தரத்தைப் பார்த்தார். அவளிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. வயசும் ஆச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

சௌந்தரம் தலையாட்டினாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆட்டோவைக் கூப்பிடப் போனேன்.

ஆகஸ்ட் 13

தனியாகக் கிளினிக்குக்குப் போய், நிறுத்தியது நான்தான் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். "தெரியும்ங்க" என்றார். "அம்மா அன்னிக்கு ராத்திரியெல்லாம் ஒக்காந்து எப்பெப்ப எவ்வளவு குடுக்கணும்னு எங்கிட்டக் கேட்டு மனப்பாடம் பண்ணுனாங்க. அவங்க மறக்கற ஆளில்லை." மருந்து அட்டையை என்னிடம் கொடுத்தார்.

இரண்டு நாளாகச் சௌந்தரத்திடம் எதையோ பேச வாயெடுத்து, மோட்டார் போட்டியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17

முழங்காலிலும் இடுப்பிலும் தோல் காகிதம் மாதிரி கிழிகிறது. ஒரு பக்கம் ஆற்றினால் மறுபக்கம். மருந்தைக் குறைத்தால் ரத்தம் போகும். குறைக்காவிட்டால் இது ஆறாது. டாக்டர் இரண்டையும் சொன்னார்.

எல்லாம் போய்விட்டது. பசி மட்டும் போகவில்லை. படுத்தபடியே தலையைத் தூக்கி அடுப்படியைப் பார்க்கிறான். ரத்தம் இல்லை, சதை இல்லை, நிற்கக் கால் இல்லை, ஆனால் தட்டுச் சத்தம் கேட்டால் கண் விரிகிறது.

தண்ணீர் மூன்றரை லிட்டர். வாயருகே கிண்ணத்தைப் பிடித்துக் கொடுத்தது.

ஆகஸ்ட் 20

ரத்தம் பதினொன்று.

ஆகஸ்ட் 21

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். போகும்போது வாசலில் நின்று, "இனி நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. அவனுக்கு வலிக்காமப் பண்ணலாம்" என்றார்.

சாயங்காலம் துரைக்குப் புண்ணில் மருந்து போட்டுக்கொண்டே சௌந்தரம் கேட்டாள். "எப்பங்க வரச் சொல்றது?"

"நீயே சொல்லு."

"எல்லாத்தையும் நானே சொல்லோணுமா?"

அவள் துணியை மடித்து வைத்தாள். "நாளான்னிக்கு வரச் சொல்லுங்க. காலைல வேண்டாம். மத்தியானச் சோத்துக்கு அப்பறம்."

போன் மட்டும் நான் செய்தேன்.

ஆகஸ்ட் 23

காலையிலேயே கறிக்கடைக்குப் போய் ஈரலும் எலும்பில்லாத கறியும் வாங்கிவந்தேன். பின்பக்க அடுப்பில் குருணையைப் போட்டு நான் ஆக்கினேன். வழக்கம்போல உழக்கை எடுத்து அளக்கப் போனபோது சௌந்தரம் என் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு அளக்காதீங்க."

சட்டியோடு அவன் முன்னால் வைத்தோம். அவன் தலையைச் சௌந்தரம் தாங்கிப் பிடித்துக்கொண்டாள், நான் உருட்டி உருட்டிக் கொடுத்தேன். அவசர அவசரமாகத் தின்றான். என் விரலையும் சேர்த்துக் கவ்வி, உடனே விட்டான். ஒவ்வொரு கவளத்துக்கும் என் கையையே பார்த்தான். பாதிச் சட்டி போனது. முக்கால் போனது. பிறகு ஒரு உருண்டையை நீட்டினேன், மோந்து பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜூன் மாதத்திலிருந்து, நான் மாத்திரையை நிறுத்திய அந்த வாரம் தவிர, இன்றுதான் முதல் தடவையாக மீதி வைத்தான்.

"போதுமாடா தொரை?" என்றாள் சௌந்தரம். அவள் மடியில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். ஊசி போடும்போது முன்னங்காலை நான்தான் பிடித்துக்கொண்டேன். "கெட்டியாப் புடிங்க, இல்லைன்னா அவனுக்குத்தான் வலிக்கும்" என்றார். பிடித்தேன். சூடாக இருந்தது. எப்போது போனான் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சௌந்தரத்தின் தோளில் கை வைத்தபோதுதான் தெரிந்தது.

கொல்லையில் புதைத்தோம்.

ஆகஸ்ட் 24

தண்ணீர் இல்லை.

செப்டம்பர் 8

இந்த நோட்டில் இனி எழுத ஒன்றுமில்லை என்று வைத்திருந்தேன். இன்று எழுத வேண்டும்.

மத்தியானம் சௌந்தரம் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன். ஐந்தாறு காய் உரித்த பிறகு கேட்டேன்.

"உனக்கும் அப்படித்தான் பசிச்சுதா?"

அவள் கை நிற்கவில்லை. இரண்டு காய் உரித்தாள்.

"நாலு வருசத்துல இப்பத்தான் கேக்கறீங்க."

"ம்."

"சொன்னா வெசனப்படுவீங்க."

"சொல்லு."

சொன்னாள். அழுகையில்லை, கோபமில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சாமான் ரூமுக்குக் கொண்டி அடிச்சுப் பூட்டிச் சாவிய எடுத்துட்டு ட்யூட்டிக்குப் போயிருவீங்க. மூணு சப்பாத்தி, ஒரு கிண்ணம் காய் வெளிய இருக்கும். பதினோரு மணிக்குள்ள தீந்துரும். அப்பறம் நீங்க வர்ற வரைக்கும் தண்ணியாக் குடிப்பேன். பக்கத்து வீட்டுல கேக்க வெக்கம். டாக்டர் சொன்னாங்க, நீங்க செஞ்சீங்க, சக்கரை ஏறக்கூடாது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பசிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஒரு நாள் பொறவாசப் பக்கம் போனேன். நீங்க துரைக்கு ஆக்கி வெச்சுட்டுப் போன குருணைச் சோறு சட்டியில இருந்துச்சு. மூடியைத் தொறந்தேன். உப்புகூட இருக்காது அதுல. கையால அள்ளி அள்ளித் தின்னேன். அன்னிக்கு ஒரு நாள்னு நெனச்சேன். தெனமும் ஆயிப்போச்சு. பாதி அவனுக்கு, பாதி எனக்கு. அவன் அவுத்து விட்டுத்தான் இருப்பான். கிட்டவே வரமாட்டான். நாலடி தள்ளி ஒக்காந்து பாத்துட்டே இருப்பான். ஒரு நாளும் ஒறுமல. நான் கையைத் தொடச்சிட்டு எந்திரிச்ச பொறகுதான் வந்து வாய் வெப்பான். அப்ப அவன் எளச்சுட்டான்னு நீங்ககூட பூச்சி மருந்து வாங்கிக் குடுத்தீங்க."

அவரைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று ஒரு நிமிடம் நின்றாள். நான் கீழே கிடந்த தோலைப் பொறுக்கினேன். பிறகு அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"சாப்பிட வாங்க" என்று குரல் கேட்டது. இரண்டு தட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்தேன். முதலில் அவளுக்குப் போட்டேன். "போதுமுங்க" என்று கையை மறித்தாள். இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.